மிதக்கும் ஆக்சோலாட்டிலும் அதன் வயிறும்

தொட்டி மீன் மேலே வந்து மிதந்தால் அதன் கதை முடிந்தது என்றே நாம் பழகியிருக்கிறோம். ஆனால் ஆக்சோலாட்டில் என்னும் நீர்வாழ் விலங்கு, உயிரோடு கால்களை அசைத்துக்கொண்டே, பின்னுடல் மேலே தூக்கி நிற்க, கீழே இறங்க வழியில்லாமல் நாள் கணக்கில் மிதக்கக்கூடியது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் எனப் பாலக்காட்டுக் கணவாயின் எல்லை ஊர்களில் இதை வளர்க்க விரும்புகிறவர்கள், இந்த மிதப்புக்குக் காரணம் பெரும்பாலும் வயிற்றில் இருக்கிறது என்பதையும், அந்த வயிற்றைக் கெடுப்பதில் நம் ஊர் வெயிலுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதையும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

நடக்கும் மீன் என்று சொல்லி விற்றாலும் இது மீன் அன்று; தவளைக்கு உறவான, சலமாண்டர் வகையைச் சேர்ந்த நீர்நில வாழ்வி. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே, மெக்சிகோ நகரை ஒட்டியுள்ள சோச்சிமில்கோ நீர்நிலைகளே இதன் தாயகம். தலைப்பிரட்டைப் பருவத்தின் செவுள்களை வாழ்நாள் முழுவதும் வெளியே சுமந்து திரியும் இந்த உயிரிக்கு நுரையீரலும் உண்டு. மீன்களில் பலவும் காற்றுப்பையைக் கொண்டு நீரில் தம் உயரத்தைச் சரிசெய்துகொள்ளும். ஆக்சோலாட்டிலுக்கு அந்தப் பை இல்லாததால், மேலே வந்து விழுங்கும் காற்றை நுரையீரலில் வைத்துக்கொண்டு மிதக்கிறது, ஒரு குமிழியை வெளியே விட்டுவிட்டு இறங்குகிறது. ஆகவே மிதப்பது மட்டுமே நோய் ஆகாது. நினைத்தபோது இறங்க முடிகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நுரையீரல் காற்றைப் போல் குடலில் சேரும் வாயுவை நினைத்த மாத்திரத்தில் வெளியேற்ற முடியாது. ஆக்சோலாட்டில் இரையை மென்று தின்பதில்லை; வாயைச் சட்டென்று அகலத் திறக்கும்போது உள்ளே பாயும் தண்ணீரோடு இரையும் போய்விடுகிறது. அதன் சிறு பற்கள் பிடிப்பதற்கு மட்டுமே உதவும். இரைக்கு அருகில் கிடக்கும் கூழாங்கல்லும் அதே பாய்ச்சலில் உள்ளே போகும் என்பதால், அழகுக்காகத் தொட்டியில் பரப்பும் பொடிக்கற்களைப் போன்ற தீங்கு வேறில்லை என்பேன். கல் குடலை அடைத்தால் அதற்குப் பின்னால் உணவு தேங்குகிறது, தேங்கிய உணவை நுண்ணுயிரிகள் நொதிக்கச் செய்கின்றன, அதில் பிறக்கும் வாயு பின்னுடலை மேலே தூக்குகிறது. தரையில் ஒன்றும் போடாமல் விடுவதோ, விலங்கின் தலையைவிடப் பெரிய கற்களை மட்டும் வைப்பதோ நல்லது.

கல்லே இல்லாத தொட்டியிலும் இது நேர்வதற்கு வெப்பம் காரணமாகலாம். தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள இயலாத இந்த விலங்குக்கு 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் ஏற்றது. 24-ஐத் தாண்டினால் துன்பம் தொடங்குகிறது. பங்குனி, சித்திரையில் நம் வீட்டுத் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியை எட்டுவது அரிதல்ல. வெப்பம் ஏற ஏற உடலுக்கு வேண்டிய ஆக்சிஜன் கூடுகிறது, ஆனால் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது: 18 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 9.5 மில்லிகிராம் கரையுமென்றால் 30 டிகிரியில் 7.5 மில்லிகிராமே கரையும். செவுள் போதாமல் விலங்கு அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்குகிறது, அதில் ஒரு பங்கு இரைப்பைக்குள்ளும் இறங்கிவிடுகிறது. பசி மங்குகிறது; உள்ளே இருக்கும் உணவில் நொதித்தலோ விரைவாகிறது. வெயில் காலத்தில் நேற்று வைத்த சோறு இன்று புளித்துப் பொங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தண்ணீரின் மேல் மின்விசிறியை ஓடவிட்டால், மண்பானை குளிர்வது போலவே, ஆவியாகும் நீர் வெப்பத்தை எடுத்துச் சென்று சில டிகிரிகளைக் குறைக்கும். மார்கழி, தை மாதங்களில் கணவாய் வழியே வீசும் வறண்ட கீழைக்காற்றில் இது நன்றாக வேலை செய்யும். ஆனி, ஆடியின் ஈரக்காற்றில் பலன் குறைவு. சித்திரை வெயிலுக்கு நீர் குளிர்விக்கும் கருவியே வேண்டும். அதற்கு வசதியில்லாதவர்கள் இந்த உயிரியை வாங்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் உதவி.

வளர்ந்த விலங்குக்கு வாரம் இரண்டு மூன்று முறை மண்புழு கொடுத்தால் போதும். பூச்சிமருந்து தெளித்த தோட்டத்துப் புழு மட்டும் கூடாது. மிதக்கும் குருணைத் தீவனத்தை நீர்ப்பரப்பிலேயே கவ்வும்போது காற்றும் சேர்ந்து உள்ளே போவதால், ஊறவைத்து மூழ்கச் செய்து கொடுப்பது நலம்.

மிதப்பு தொடங்கிவிட்டால் உணவை நிறுத்திவிட்டு, கால் தரையில் படுமளவுக்குத் தண்ணீரைக் குறைத்து, முதுகு மட்டும் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வயிற்றை அமுக்கவே கூடாது. குளிர்சாதனப் பெட்டியில் வைக்கும் வழக்கம் சில வளர்ப்பாளர்களிடம் உண்டு. குளிர் நொதித்தலைத் தணிக்கும் என்றாலும் குடலின் அசைவையும் சேர்த்தே மந்தமாக்குவதால், மருத்துவர் சொல்லாமல் அதில் இறங்குவது சரியாகாது. மலம் கழிந்து, சில நாட்களில் தானே இறங்கிவிட்டால் கவலையில்லை. வயிறு உப்பிக்கொண்டே போனாலோ, தோல் சிவந்தாலோ, உடல் ஒருபக்கமாகச் சாய்ந்தாலோ கால்நடை மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லலாம். அந்தப் படத்தில் வாயு கறுப்பாகவும் கல் வெள்ளையாகவும் தெரியும்.