கோட்: ஆடா, ஆளா?

கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் வழக்கமாகப் போகும் மாமாக் உணவுக்கடை. தே தாரேக் வருவதற்குள் தங்கை மகன் கைப்பேசியை மேசையில் வைத்து, "மேனி பாக்கியாவ்தான் மாமா கோட். இதுல பேச்சே இல்ல" என்றான். அவன் சொன்னது பிலிப்பீன்ஸ் குத்துச்சண்டை வீரரை. எதிரே உட்கார்ந்திருந்த பெரியப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். "யாருக்குடா கோட்டு? இந்தப் புழுக்கத்துலயா?" என்றார்.

பெரியப்பாவைக் குற்றம் சொல்ல முடியாது. தமிழில் எழுதினால் சட்டைக்கு மேல் மாட்டுவதும் கோட், ஆட்டுக்கு ஆங்கிலத்தில் சொல்வதும் கோட், பையன் சொன்னதும் கோட். ஆனால் பையன் சொன்னது உண்மையில் ஒரு சொல்லே இல்லை. கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம் என்ற நான்கு சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து வாசிக்கிறோம், அவ்வளவுதான். 2024-இல் வந்த விஜய் படத்துக்குப் பிறகு நம் வீட்டுச் சின்னப் பிள்ளைகள் வாயிலும் அது புரள்கிறது.

இது பிறந்த இடம் குத்துச்சண்டை மேடை. 1964 பிப்ரவரியில் சோனி லிஸ்டனை வென்று ஹெவிவெயிட் பட்டம் பெறுவதற்கு முன்பிருந்தே, "நானே மிகச் சிறந்தவன்" என்று முழங்கிக்கொண்டிருந்தவர் முகமது அலி. 1992-இல் அவருடைய மனைவி லோனி அலி, கணவர் பெயரின் வணிக உரிமைகளைக் கவனிக்க ஒரு நிறுவனம் தொடங்கியபோது அதற்கு வைத்த பெயரே இந்த நான்கு எழுத்துதான். 2000-இல் ராப் பாடகர் எல்.எல். கூல் ஜே தன் இசைத்தொகுப்புக்கு அதையே சூட்டினார். அப்புறம் கூடைப்பந்து, கால்பந்து, டென்னிஸ் என்று எல்லா ஆட்டத்துக்கும் பரவிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், அமெரிக்க விளையாட்டுப் பேச்சில் இதே சொல் முன்பு வசை. பேஸ்பால் ஆட்டத்தில் பந்தைக் கோட்டைவிட்டு அணியைத் தோற்கடித்தவனைத்தான் ஆடு என்றார்கள். ஊர்ப் பழியெல்லாம் தலையில் சுமக்கும் ஆடு. அது விவிலியத்தின் லேவியராகமத்திலிருந்து வந்தது. மக்களின் பாவங்களை ஓர் ஆட்டின் மேல் ஏற்றி வனாந்தரத்துக்கு விரட்டும் சடங்கு அதில் வருகிறது. அந்த ஆட்டுக்கு 1530-இல், விவிலியத்தை மொழிபெயர்த்த வில்லியம் டிண்டேல் ஆங்கிலத்தில் 'ஸ்கேப்கோட்' என்ற சொல்லைப் புதிதாகச் செய்தார். தமிழ் விவிலியத்தில் அதற்குப் 'போக்காடு' என்று இருக்கிறது. போக்கிவிடப்பட்ட ஆடு. எவ்வளவு அழகான சொல், யாரும் பயன்படுத்துவதில்லை! நாம் பலிகடா என்கிறோம். மலாய்க்காரர்கள் கம்பிங் ஹித்தாம், அதாவது கறுப்பு ஆடு என்கிறார்கள். ஆனால் தமிழில் கறுப்பு ஆடு என்றால் கூடவே இருந்து காட்டிக்கொடுப்பவன். அலுவலகத்தில் மலாய் நண்பரோடு இதைப் பேசும்போது கவனமாக இருங்கள். அவர் பரிதாபப்படும் ஆளை நீங்கள் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

சரி, தமிழில் கோட்டுக்கு என்ன சொல்வது? 'எக்காலத்துக்கும் சிறந்தவர்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. ஆங்கிலத்தில் 'ஆல் டைம்' என்று பெருமையாகச் சொன்னாலும் அதன் பொருள் இதுநாள்வரை என்பதுதான். தமிழில் எக்காலம் என்றால் இனி வரப்போகும் காலமும் அதில் அடக்கம். இன்னும் பிறக்காத பிள்ளையையும் சேர்த்தே தோற்கடித்துவிடுகிறோம். 'ஒப்பாரும் மிக்காரும் இல்லாதவர்' கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒப்பிட ஆளே இல்லை என்றால் வாதம் எதற்கு? கோட் என்பது ஒப்பிட்டு, மோதவிட்டு, கடைசியில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது. ஆகவே 'இதுவரை வந்தவர்களில் தலைசிறந்தவர்' என்பதே என் கட்சி.

இதோடு போட்டுக் குழப்பும் இன்னொன்று 'ஆல் டைம் கிரேட்'. அது ஒருவருக்கான நாற்காலி அல்ல, ஒரு வரிசை. அதற்குத் 'தலையாயவர்களில் ஒருவர்' பொருந்தும். தலை, இடை, கடை என்று தரம் பிரித்த மொழி நம்முடையது, புதிதாகச் சொல் தேட வேண்டியதில்லை. பல்லவன் நரசிம்மவர்மனின் 'மாமல்லன்' பட்டத்தையும் தூசி தட்டி எடுக்கலாம். ஆனால் மல்லன் கட்டிப்புரள்பவன், குத்துபவன் அல்ல.

இந்த இரண்டையும் பிரித்துவிட்டால் பாக்கியாவ் வழக்கில் பாதி தீர்ந்துவிடும். 1998-இல் 112 பவுண்டு எடைப் பிரிவில் உலகப் பட்டம், 2010-இல் 154 பவுண்டில் ஒன்று, மொத்தம் எட்டுப் பிரிவுகள். வேறு எவரும் செய்யாதது. 2018 ஜூலை 15 அன்று நம் புக்கிட் ஜாலில் ஆக்ஸியாத்தா அரங்கிலேயே லூக்காஸ் மத்தீசேவை ஏழாம் சுற்றில் சாய்த்தார். மறு ஆண்டு 40 வயதில் கீத் தர்மனை வென்றார். தலையாயவர்களில் ஒருவரா? சந்தேகமே இல்லை. தலைசிறந்தவரா? அங்கேதான் எனக்கு இடிக்கிறது. 2012-இல் மார்க்கேஸ் அவரை ஆறாம் சுற்றில் குப்புறத் தள்ளினார். 2015-இல் மேவெதரிடம் புள்ளிக் கணக்கில் தோற்றார். தோல்வி எல்லாருக்கும் உண்டு, அலியும் 1971-இல் ஃப்ரேசியரிடம் தோற்றவர்தான். ஆனால் 1974-இலும் 1975-இலும் வட்டியோடு திருப்பிக் கொடுத்தார்.

"அலி ஒரே எடையில நின்னாரு மாமா. எட்டு எடை ஏறிப் பாக்கச் சொல்லுங்க" என்றான் பையன். நியாயமான குத்து. இதற்காகவே குத்துச்சண்டையில் 'பவுண்ட் ஃபார் பவுண்ட்' என்றொரு பேச்சு உண்டு. எடை வித்தியாசத்தைத் தள்ளிவைத்துவிட்டு யார் சிறந்தவர் என்று பார்ப்பது. சுகர் ரே ராபின்சனைப் புகழும்போது பெயர்பெற்றது. அதற்கு நம்மிடம் 'எடைக்கு எடை' தயாராக இருக்கிறது, கோயில் துலாபாரத்தில் தினமும் கேட்கும் சொல்தான். அப்படித் தட்டில் வைத்தால் ராபின்சன்தான் முதலில் ஏற வேண்டும், பாக்கியாவும் அலியும் வரிசையில் நிற்கட்டும்.

அதுவரை பேசாமல் இருந்த பெரியப்பா வாயைத் திறந்தார். 1975 ஜூலை 1, மெர்டேக்கா அரங்கம், அலிக்கு எதிரே ஜோ பக்னர். பதினைந்து சுற்று, அலி வெற்றி. "சட்டை உடம்போட ஒட்டிப் போச்சு. அந்த ஆளு கடைசிச் சுற்று வரைக்கும் ஆடிக்கிட்டே இருந்தாரு" என்று உட்கார்ந்தபடியே தோளை ஆட்டிக் காட்டினார். கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது.

பையன் இதெல்லாம் கேட்டுவிட்டு, "இதுவரை வந்தவர்களில் தலைசிறந்தவர்னு யாரு டைப் பண்றது? நீளம்லா மாமா. சின்னதா ஒண்ணு சொல்லுங்க" என்றான்.

"தலை. அது போதும்."

"தலையா? தலன்னா அஜித் மாமா!"