டிஃபால்ட்: இயல்பா, இருப்பா, கொடாமையா?

ஜாவாவில் எழுதிய இணையச் செயலிகளை ஏற்றி இயக்கும் அப்பாச்சி டாம்கேட் சர்வரை எப்படி நிறுவுவது, எப்படிப் பூட்டிக் காப்பது என்று சில பாலிடெக்னிக் மாணவர்களுக்கு மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். குறிப்புகளைத் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தேன். அதில் ஒரு வரி இப்படி இருந்தது: 'சர்வரை வெளியுலகுக்குத் திறக்கும் முன் இயல்பு அமைப்புகளைச் சரிபார்க்கவும்.' பின்வரிசையில் இருந்த மாணவி ஒருவர் எழுந்தார். "இயல்பாக இருக்கிறது என்றால் நன்றாக இருக்கிறது என்றுதானே பொருள் சார்? அதை ஏன் சரிபார்க்க வேண்டும்?"

எனக்குப் பதில் வரவில்லை. தமிழ் தெரிந்த எவரும் அந்த வரியை அப்படித்தான் படிப்பார்கள். பிழை அவருடையதல்ல, நான் எழுதிய சொல்லில் இருந்தது. 'இயல்பு' என்று நான் பெயர்த்திருந்தது, நாம் மாற்றாதவரை மென்பொருளில் இருக்கும் மதிப்பைக் குறிக்கும் 'டிஃபால்ட்' என்ற ஆங்கிலச் சொல்லை. அன்றிரவு அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்க உட்கார்ந்தேன்.

இலத்தீனில் 'ஃபல்லெரே' என்றொரு வினைச்சொல் உண்டு. ஏமாற்றுதல், தவறவிடுதல் என்று பொருள். ஆங்கிலத்தின் 'ஃபால்ட்', 'ஃபெயில்', 'ஃபால்ஸ்' எல்லாம் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தாம். அதே வேரிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்ததுதான் 'டிஃபால்ட்'. பிறந்த வீட்டில் அதன் பொருள் குறை, இன்மை, செய்ய வேண்டியதைச் செய்யாமை. கணினிக்கும் அதற்கும் அப்போது எந்தத் தொடர்பும் இல்லை.

அந்தப் பழைய பொருள் நம்மிடையே இன்றும் நடமாடுகிறது. வங்கிக் கடனின் தவணையைக் கட்டாதவரை 'டிஃபால்ட்டர்' என்கிறோம். வழக்குத் தொடுத்தவர் விசாரணை நாளில் ஆஜராகாவிட்டால் வழக்கு 'டிஃபால்ட்' ஆகித் தள்ளுபடியாகிறது. 'டிஃபால்ட் பெயில்' என்பது இன்னும் தெளிவான சான்று. கைதானவரைக் காவலில் வைத்துக்கொண்டு, குற்றத்தின் தன்மைக்கேற்ப 60 அல்லது 90 நாள்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், ஜாமீன் கேட்கும் உரிமை அவருக்குத் தானாக வந்துவிடுகிறது. இங்கே தவறியவர் கைதி அல்லர், புலனாய்வு செய்தவர்கள். இதை 'இயல்பு ஜாமீன்' என்று பெயர்த்தால் அந்தச் சொல்லில் இருக்கும் குற்றச்சாட்டே காணாமல் போய்விடும்.

மூன்று இடத்திலும் சாரம் ஒன்றுதான். வர வேண்டியவர் வரவில்லை, செய்ய வேண்டியவர் செய்யவில்லை, ஆகவே விதி தானாக ஒன்றைச் செய்துவிட்டது. கணினித் துறை இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டபோது வைத்துக்கொண்டதும் இந்தச் சாரத்தைத்தான். பயனர் ஒரு மதிப்பைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்டால், நிரல் தானாக ஒன்றை எடுத்துக்கொள்ளும். அதுவே 'டிஃபால்ட்'. ஆக, அந்தச் சொல்லின் அடியில் எப்போதும் ஒரு சொல்லாமை இருக்கிறது.

தமிழுக்கு வருவோம். கைப்பேசியின் தமிழ் அமைப்புப் பக்கங்களில் 'இயல்பு', 'இயல்புநிலை' என்று பார்த்திருப்பீர்கள். 'இயல்பிருப்பு' என்று எழுதுவோர் உண்டு. 'முன்னிருப்பு' என்பது கட்டற்ற மென்பொருள் மொழிபெயர்ப்புகளில் புழங்கிப் பழகிய சொல். 'கொடாநிலை' என்று எழுதுவோர் குறைவு.

'இயல்புநிலை'யை நான் ஒதுக்குவதற்குக் காரணம் செய்தித்தாள். வெள்ளம் வடிந்தால் நகரம் இயல்புநிலைக்குத் திரும்பியது என்று எழுதுகிறோம். கலவரம் அடங்கினாலும் அப்படியே எழுதுகிறோம். நூறு தலைப்புச் செய்திகளில் நிம்மதியைச் சுமந்து வந்த சொல்லை எடுத்து 'இயல்புநிலைக் கடவுச்சொல்' என்று எழுதினால், படிப்பவர் மனத்தில் எச்சரிக்கை மணி எப்படி ஒலிக்கும்? இலக்கணம் படித்தவர்கள் ஒரு மறுப்பு சொல்லலாம்: இயல்பு புணர்ச்சி என்றால் எழுத்து எதுவும் மாறாமல் சேர்வது, ஆகவே இயல்பு என்றால் 'மாற்றப்படாதது'. அது நியாயமான வாதம். ஆனால் சர்வரை நிறுவுகிற இளைஞர் புணர்ச்சி விதியை நினைத்துக்கொண்டு படிப்பதில்லை. அவர் காதில் விழுவது 'பயமில்லை' என்பதுதான்.

'கொடாநிலை' எனக்கு மிகவும் பிடித்த சொல். கொடாத நிலை, அதாவது மதிப்பு எதையும் கொடுக்காதபோது உள்ள நிலை. கொடாத என்பதன் ஈறு கெட்டுக் கொடா என நிற்கிறது. வாடா மலர், அழியாப் புகழ், அணையா விளக்கு எல்லாம் இந்த வார்ப்புதான். பழைய வழக்கென்று தள்ளவும் முடியாது. வங்கிச் செய்திகளில் நாள்தோறும் வரும் 'வாராக் கடன்' இதே இலக்கணத்தில் அமைந்ததுதான். 'டிஃபால்ட்' என்ற சொல்லின் உயிரான சொல்லாமையை இவ்வளவு நெருக்கமாகப் பிடித்த தமிழ்ச் சொல் வேறில்லை. இருந்தும் அது பரவாததற்கு ஒரு காரணம், 'விடாக்கண்டன் கொடாக்கண்டன்' என்ற வழக்காக இருக்கலாம். கொடா என்றதும் கஞ்சத்தனம் நினைவுக்கு வந்துவிடுகிறது.

'முன்னிருப்பு' வேறொரு திசையிலிருந்து வருகிறது. இருப்பு என்பது கடைக் கணக்கின் சொல், கிடங்கின் சொல். கையிருப்பு, சரக்கிருப்பு, இருப்புப் பதிவேடு. அலுவலகத்தில் ஒருவர் மாற்றலாகிப் போய் இன்னொருவர் பொறுப்பேற்கும்போது முதலில் செய்யும் வேலை, பதிவேட்டை விரித்து இருப்பைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவதுதான். தமிழில் 'இருப்பு' என்றாலே அடுத்த சொல்லாகச் 'சரிபார்த்தல்' வந்து நிற்கும். நாம் வருவதற்கு முன்பே இருந்தது, நாம் தேர்ந்ததல்ல, ஆனால் கையெழுத்திட்டதும் நம் பொறுப்பாகிவிடுவது: இத்தனையும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது.

இதுவரை இரண்டில் எது சிறந்தது என்ற கேள்வியாகத்தான் எனக்கும் பட்டது. டாம்கேட்டின் அமைவுக் கோப்பைத் திறந்து பார்த்தபோதுதான், அவை ஒரு பொருளுக்கு இரு பெயர்கள் அல்ல, இரு வேறு பொருள்கள் என்று தெரிந்தது.

சர்வர்.எக்ஸ்எம்எல் என்ற கோப்பில், உலாவிகளின் கோரிக்கைகளை 8080ஆம் போர்ட்டில் (கணினியின் எண்ணிட்ட இணைப்பு வாசல்களில் ஒன்று) வாங்கும் பகுதிக்கு 'கனெக்டர்' என்று பெயர். இணைப்பை ஏற்றபின் கோரிக்கை வந்துசேர எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று அதில் ஒரு மதிப்பு உண்டு. டாம்கேட்டைப் பதிவிறக்கியதும் கிடைக்கும் கோப்பில் அது 20000 மில்லிநொடி, அதாவது 20 நொடி. அந்த மதிப்பைக் கோப்பிலிருந்து நீக்கிவிட்டால்? 20 நொடியே தொடராது, 60 நொடியாகிவிடும். ஆங்கிலத்தில் கேட்டால் இரண்டும் 'டிஃபால்ட்'தான். ஒன்று, உருவாக்கியவர்கள் கோப்பில் எழுதி அனுப்பியது. கண்ணால் காணலாம், அழிக்கலாம். மற்றது, யாரும் எதையும் எழுதாதபோது நிரல் தனக்குள்ளிருந்து எடுத்துக்கொள்வது. கோப்பு முழுவதும் தேடினாலும் கண்ணில் படாது. முதலாவது முன்னிருப்பு. இரண்டாவது கொடாநிலை. ஆங்கிலம் ஒரே சொல்லில் கலந்து வைத்திருப்பதைத் தமிழால் இரண்டாகப் பிரித்துச் சொல்ல முடிகிறது என்றபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்கத் தேவையில்லை.

இந்தப் பிரிவினை வெறும் சொல்லழகு அல்ல என்பதற்கு 2020 பிப்ரவரியில் வெளியான 'கோஸ்ட்கேட்' என்ற பாதுகாப்புக் குறையே சாட்சி. பாதுகாப்புக் குறைகளுக்கான சிவிஇ என்ற பொதுப் பட்டியலில் சிவிஇ-2020-1938 என்பது அதன் பதிவெண். முகப்பில் இன்னொரு வெப் சர்வர் நின்று கோரிக்கைகளை வாங்கி டாம்கேட்டுக்கு அனுப்பும் ஏற்பாடுகளுக்காக ஏஜேபி என்றொரு நெறிமுறை உண்டு. அதைப் பயன்படுத்தாதவர்களே ஏராளம். ஆனாலும் 8009ஆம் போர்ட்டில் ஏஜேபி கனெக்டரைத் திறந்துவைக்கும் வரி கோப்போடு எழுதப்பட்டே வந்தது. அது முன்னிருப்பு. எந்த வலையமைப்பு முகவரிக்கு வரும் கோரிக்கைகளை மட்டும் கேட்க வேண்டும் என்று அந்த வரியில் எதுவும் சொல்லப்படவில்லை. சொல்லாவிட்டால் கணினியின் எல்லா முகவரிகளிலும் கேட்கும். அது கொடாநிலை. இரண்டும் சேர்ந்து, வெளியிலிருந்து அந்தப் போர்ட்டைத் தொட முடிந்த எவரும் செயலிக்குள் இருக்கும் கோப்புகளைப் படிக்க வழிவிட்டன. உலாவிக்கு ஒருபோதும் காட்டக் கூடாத வெப்-இன்ஃப் அடைவின் கோப்புகளும் அதில் அடக்கம்.

திருத்தம் வந்த விதத்தைப் பாருங்கள். 7.0.100, 8.5.51, 9.0.31 ஆகிய பதிப்புகளில் இரண்டையும் தனித்தனியே மாற்றினார்கள். ஏஜேபி வரியைக் குறிப்புரைக்குள், அதாவது நிரல் படிக்காமல் தாண்டிவிடும் பகுதிக்குள், தள்ளி முடக்கினார்கள்: முன்னிருப்பு திருந்தியது. முகவரி சொல்லாவிட்டால் அதே கணினிக்குள் மட்டும் கேட்கும்படியும், இரகசியச் சொல் இல்லாமல் இயங்க மறுக்கும்படியும் நிரலை மாற்றினார்கள்: கொடாநிலை திருந்தியது. கோப்பை மட்டும் பார்த்துவிட்டு 'டிஃபால்ட்டைச் சரிபார்த்துவிட்டேன்' என்று சொன்ன நிர்வாகி பாதியைத்தான் பார்த்திருக்கிறார்.

எல்லா முன்னிருப்பும் கெட்டது, எல்லாக் கொடாநிலையும் ஆபத்து என்று எண்ணிவிட வேண்டாம். கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா நிரல் துண்டுக்கு சர்வ்லெட் என்று பெயர். டாம்கேட்டில் 'டிஃபால்ட்' என்றே பெயரிட்ட ஒரு சர்வ்லெட் இருக்கிறது. வேறெந்த சர்வ்லெட்டும் உரிமை கோராத கோரிக்கை அதனிடம் போய்ச் சேரும். யாரும் ஆஜராகாத வழக்கைப் போலத்தான். அது கோப்புகளைப் படிக்க மட்டும் விடலாமா, எழுதவும் விடலாமா என்ற மதிப்பு வெப்.எக்ஸ்எம்எல் என்ற இன்னோர் அமைவுக் கோப்பில் எழுதி வருவதில்லை. எழுதாவிட்டால் படிக்க மட்டும்தான். நல்ல கொடாநிலை இது. இதை மாற்றி எழுதும் உரிமையைத் திறந்துவிட்டவர்களின் சர்வர்களில்தான், தாக்குபவர்கள் தங்கள் நிரலைத் தாங்களே ஏற்றி இயக்கக்கூடிய குறைகள் 2017இல் வெளிப்பட்டன. உள்நுழைவில் ஐந்து முறை தவறினால் அந்தப் பயனர் பெயரை 300 நொடி பூட்டிவைப்பதும் இப்படியொரு நல்ல ஏற்பாடு. அதில் கை வைக்காதீர்கள்.

கடவுச்சொல் விஷயத்தில் மட்டும் எனக்குப் பொறுமை இல்லை. 2009இல் ஒரு குறை பதிவானது. அன்றைய விண்டோஸ் நிறுவல் நிரல், நாம் எதையும் தட்டாமல் தாண்டினால், நிர்வாகிப் பயனரை வெற்றுக் கடவுச்சொல்லோடு உருவாக்கியது. கொடாநிலை என்ற சொல்லுக்கு இதைவிட நேரடியான உதாரணம் கிடைக்காது. கடவுச்சொல்லைக் கொடுக்கவில்லை, ஆகவே கடவுச்சொல்லே இல்லை. அது சரிசெய்யப்பட்டுவிட்டது. இன்றைய பதிவிறக்கத்தில் பயனர்கள் யாரும் செயலில் இருப்பதில்லை. எல்லாம் குறிப்புரைக்குள் அடைபட்டுத்தான் வருகின்றன.

ஆனால் செயலிகளை உலாவி வழியே நிர்வகிக்க உதவும் டாம்கேட்டின் மேலாளர் பக்கத்தை அனுமதியில்லாமல் திறந்தால் வரும் மறுப்புப் பக்கம், பயனரைச் சேர்ப்பது எப்படி என்று ஓர் எடுத்துக்காட்டும் காட்டும். பயனர் பெயர் டாம்கேட். கடவுச்சொல், 'சீக்ரெட்' என்ற ஆங்கிலச் சொல்லின் இரண்டாம் எழுத்தை எடுத்துவிட்டு 3 என்ற எண்ணை வைத்தது. அவசரத்தில் இருப்பவர்கள் அதை அப்படியே நகலெடுத்து ஒட்டிவிடுகிறார்கள். மேலாளர் பக்கத்துக்குள் நுழைந்தவர் புதிய செயலியையே ஏற்றி இயக்கலாம் என்பதால், அந்த ஆறு எழுத்துகள் முழுச் சர்வரின் சாவி. அந்தக் கடவுச்சொல் முன்னிருப்பும் அல்ல, கொடாநிலையும் அல்ல. வெறும் மாதிரி. படிவத்தில் 'பெயர்: முருகன்' என்று மாதிரி காட்டியிருந்தால் எல்லோரும் முருகன் என்றே நிரப்பிக் கொடுத்ததைப் போன்றது. இதையும் ஆங்கிலத்தில் 'டிஃபால்ட் பாஸ்வேர்ட்' என்றுதான் சொல்கிறார்கள். நான் 'மாதிரிக் கடவுச்சொல்' என்று எழுதுகிறேன்.

அடுத்த வகுப்பில் குறிப்பின் அந்த வரியை அடித்துவிட்டு இரண்டு வரிகளாக எழுதிக் கொடுத்தேன். 'கோப்பில் உள்ள முன்னிருப்புகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, தேவையில்லாததை நீக்கவும். நீக்கியபின் அந்த இடத்தில் எந்தக் கொடாநிலை மதிப்பு செயலுக்கு வரும் என்று ஆவணத்தில் பார்க்கவும்.' கேள்வி கேட்ட மாணவி இரண்டாவது வரியின் கீழ்க் கோடு போட்டுக்கொண்டார். பிறகு, எடுத்துக்காட்டுச் செயலிகள் இருக்கும் அடைவு முன்னிருப்பில் சேருமா என்று கேட்டார். சேரும். அன்றே அதை நீக்கினோம்.

எழுதுவோருக்கு ஒரு குறிப்பு. முன்னிருப்பு வன்தொடர்க் குற்றியலுகரத்தில் முடிவதால் வல்லினம் மிகும்: முன்னிருப்புக் கடவுச்சொல், முன்னிருப்புப் போர்ட். வினையடையாக 'முன்னிருப்பாக' என்று எழுதலாம். கொடாநிலை அடையாக வரும்போது 'கொடாநிலை மதிப்பு' என்றும், நிகழ்வாகச் சொல்லும்போது 'கொடாவிடில்' என்றும் எழுதினால் போதும்: 'முகவரி கொடாவிடில் இதே கணினிக்குள் மட்டும் கேட்கும்.'