தூரத்துப் பெட்டி முதலில் பேசட்டும்

ஆனைமலைப் பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஏனுங்க, தென்னந்தோப்புல மண் ஈரம் பார்க்கற பெட்டி முப்பது வாங்கி வெக்கலாம்னு இருக்கறேன். தோப்பு வாய்க்காலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமா சிதறிக் கெடக்குது. ஒரு பெட்டி முந்நூறு நானூறு மீட்டர்தான் பேசுமாம், கடைசிப் பெட்டியிலிருந்து சாளைக்கு, அதான் தோட்டத்து வீட்டுக்கு, ஒரு கிலோமீட்டருக்கு மேல. ஒண்ணு சொன்னதை இன்னொண்ணு வாங்கிச் சொல்லி வீடு சேர்த்துடும்னு விக்கறவரு சொல்றாரு. முப்பதும் சேர்ந்து சொன்னா சந்தைக்கடையாட்ட ஆயிடாதுங்களா?”

ஆயிடும். யோசிக்காமல் செய்தால் கட்டாயம் ஆயிடும்.

இந்த மாதிரிப் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது லோரா ரேடியோ. இந்தியாவில் 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில், குறிப்பிட்ட சக்திக்குள், உரிமம் வாங்காமலே பயன்படுத்தலாம். வெட்டவெளியில் கிலோமீட்டர் கணக்கில் போகும். தோப்புக்குள் ஆள் உயரத்தில் கட்டி, நடுவில் மரமும் மழையில் நனைந்த ஓலையும் வந்தால் சுருங்கிவிடும். தூரத்துக்காக வேகத்தை விட்டுக்கொடுத்த ரேடியோ இது, நீண்ட தூர அமைப்பில் நொடிக்குச் சுமார் 1000 பிட்தான். ‘பதினொன்றாம் பெட்டி, ஈரம் குறைவு’ என்கிற குட்டிச் செய்தி காற்றில் போய் முடியவே அரை நொடி ஆகும்.

சரி, எளிமையான விதி ஒன்றை வைப்போம்: புதிய செய்தி காதில் விழுந்தால் ஒரு தடவை திருப்பிச் சொல், ஏற்கெனவே கேட்டதென்றால் விட்டுவிடு. ஒவ்வொரு செய்திக்கும் ஒரு எண் இருப்பதால் பழையதா புதியதா என்று பெட்டிக்குத் தெரிந்துவிடும். செய்தி வீடு வந்து சேரும், ஆனால் முப்பது பெட்டியும் வரிசையில் நின்று பேசினாலே ஒரு செய்திக்குப் பதினைந்து நொடி. வரிசையில் எங்கே நிற்கின்றன? கிழக்கு வேலிப் பெட்டியும் மேற்கு வேலிப் பெட்டியும் ஒன்றையொன்று கேட்க முடியாத தூரத்தில் இருந்துகொண்டு, இரண்டும் ஒரே நேரத்தில் பேசும். நடுவில் கிணற்றடியில் இருக்கிற பெட்டிக்கு இரண்டும் கலந்து ஒன்றுமே விளங்காது. பேசுகிற ரேடியோ அதே நேரத்தில் கேட்கவும் முடியாது என்பதால், மோதியது பேசியவர்களுக்கே தெரியாது. 1999-இல் தைவான் ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ஒலிபரப்புப் புயல் என்கிற பொருளில் பெயர் வைத்து, கணக்கும் போட்டுக் காட்டினார்கள். எனக்குப் பிடித்தது அந்தக் கணக்குதான்.

ஒரு பெட்டியின் பேச்சு 400 மீட்டர் போகும் என்று வையுங்கள். அதைச் சுற்றி 400 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம். அதிலிருந்து 40 மீட்டர் தள்ளியிருக்கிற பெட்டி, அதாவது ஐந்தாறு தென்னை தள்ளி இருப்பது, திருப்பிச் சொன்னால் புதிதாக எவ்வளவு இடத்துக்குக் கேட்கும்? இரண்டு வட்டமும் அநேகமாக ஒன்றின்மேல் ஒன்று கிடக்கின்றன. வட்டத்தின் பரப்பில் 6 சதவீதம்தான் புதுசு. 200 மீட்டர் தள்ளியிருந்தால் 31 சதவீதம். வட்டத்தின் விளிம்பிலேயே, 400 மீட்டரில் இருந்தால் 61 சதவீதம், அதுதான் உச்சம், அதற்கு மேல் எந்தப் பெட்டியாலும் முடியாது. பத்தாம் வகுப்புக் கணக்குதான், இரண்டு வட்டம் வெட்டிக்கொள்கிற பரப்பு. ஒரு தாளில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஒரே செய்தியை நான்கு பேர் சொல்லி நீங்கள் கேட்டுவிட்டீர்கள் என்றால், நீங்களும் சொல்வதால் சராசரியாக 5 சதவீதம்கூடப் புது இடம் கிடைக்காது என்றும் அதே ஆராய்ச்சி சொல்கிறது.

அப்படியென்றால் தூரத்தில் இருப்பவன் முதலில் பேச வேண்டும், பக்கத்தில் இருப்பவன் வாயை மூடிக்கொள்ள வேண்டும். யார் தூரம், யார் பக்கம் என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்? வரைபடம் தேவையில்லை, ஜிபிஎஸ் தேவையில்லை, மேலே ஒரு அதிகாரியும் தேவையில்லை. வந்த சிக்னல் தெளிவாக இருந்தால் பேசியவர் பக்கத்தில். இரைச்சலுக்கு நடுவில் ஈனமாக வந்தால் தூரத்தில். 2020-இல் தொடங்கிய மெஷ்டாஸ்டிக் என்கிற திறந்த மென்பொருள் செய்வது இதைத்தான். தெளிவாகக் கேட்ட பெட்டி அதிக நேரம் காத்திருக்கும், மங்கலாகக் கேட்டது சீக்கிரம் பேசிவிடும், இரண்டு பேர் ஒரே கணத்தில் வாய் திறக்காமல் இருக்க அதில் கொஞ்சம் குலுக்கல் சேர்த்திருக்கிறார்கள். காத்திருக்கிற நேரத்தில் காது திறந்தே இருக்கும். தான் சொல்லவிருந்த அதே செய்தியை வேறொருவர் சொல்வது கேட்டுவிட்டால், தன் முறையை ரத்து செய்துவிட்டுச் சும்மா இருந்துவிடும். விளிம்பில் இருக்கிற ஒன்றிரண்டு பெட்டிகள் பேச, நடுவில் இருக்கிற இருபதும் அடங்கிவிடுகின்றன. இன்னும் ஒரு லாபம்: முதலில் பேசிய பெட்டி, தன் செய்தியை வேறொருவர் திருப்பிச் சொல்வதைத் தானே கேட்கிறது. அதுவே ரசீது, தனியாக ‘கிடைத்தது’ என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஓட்டை இல்லாமல் இல்லை. மங்கல் என்றால் தூரம் என்பது ஊகம்தானே? மோட்டார் ரூமுக்குள், தகரக் கதவைச் சாத்தி, ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியை வைத்துப் பாருங்கள். அதற்கு எல்லாமே மங்கலாகத்தான் கேட்கும், தான் எங்கோ தூரத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு முதல் ஆளாகப் பேசும். அந்தப் பேச்சு பக்கத்துப் பெட்டிகளுக்கு மட்டும் கேட்டு, அவை எல்லாம் ‘யாரோ சொல்லிவிட்டார்கள்’ என்று அடங்கிவிட, செய்தி கிணற்றடியைத் தாண்டாது.

எந்தெந்தப் பெட்டி பேச வேண்டும் என்று முன்கூட்டியே நாமே முடிவு செய்து வைக்கலாமே என்றால், வைக்கலாம். ஆனால் எல்லோருக்கும் கேட்க வேண்டும், பேசுகிறவர்கள் ஆகக் குறைவாக இருக்க வேண்டும், சங்கிலியும் அறக்கூடாது என்று சரியான விடை தேடுவது கணினிக்கே மலைப்பான கணக்கு. பெட்டிகள் கூடக் கூட நேரம் எங்கோ போய்விடும். அதனால் 2003-இல் ஆர்எஃப்சி 3626 என்கிற இணைய நெறிமுறை ஆவணமாக வெளியான ஓஎல்எஸ்ஆர் போன்ற, பெட்டிகள் தங்களுக்குள் வழி கண்டுபிடித்துக்கொள்கிற முறைகளில்கூட, ஒவ்வொரு பெட்டியும் தன் பக்கத்துப் பெட்டிகளில் சிலரை மட்டும் ‘நீ சொல்லு’ என்று உத்தேசமாகத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது.

2000-களில் கோவை, ஈரோடு, திருச்செங்கோடு பக்கத்துக் கல்லூரிகளில் எம்.இ. படித்த யாரையாவது கேட்டுப் பாருங்கள், ஓஎல்எஸ்ஆர், ஏஓடிவி என்று இந்த வழி தேடும் முறைகளை மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆளாளுக்கு ஒரு புராஜெக்ட், எல்லாம் என்எஸ் 2 சிமுலேஷனில், அதாவது வலைப்பின்னலைக் கணினிக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கிற மென்பொருளில். அங்கே மரம் கிடையாது, மழை கிடையாது, மோட்டார் ரூமும் கிடையாது, வட்டம் வட்டமாகவே இருக்கும். வேளாண் பல்கலையின் தென்னை ஆராய்ச்சி நிலையம் ஆழியார் நகரில்தான் இருக்கிறது. அங்கே ஒரு பருவமழை முழுக்க ஐம்பது பெட்டியைக் கட்டி வைத்து அளந்து பார்க்கக் காசு கொடுத்தால், இன்னும் நூறு சிமுலேஷன் கட்டுரையைவிட உருப்படியாக இருக்கும் என்பது என் எண்ணம். காசு இல்லை என்று சொல்ல நமக்கும் வாய் இல்லை. உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்க்கிறவர் சொன்ன இடத்தில் ஆயிரம் அடி போர் போட யோசிக்காதவர்கள், மண் ஈரத்தை நேராக அளந்து சொல்கிற கருவி என்றதும் ‘இதெல்லாம் நம்பலாமா’ என்று கேட்கிறோம்.

எல்லோருக்கும் சொல்வதை விட்டு ஒருவருக்கு மட்டும் சொல்வது தனிக் கதை, சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ‘சாளைக்கு வழி யாருக்குத் தெரியும்?’ என்று ஒரு தடவை மட்டும் எல்லோரிடமும் கேட்பது, பதில் வந்த வழியிலேயே ஒவ்வொரு பெட்டியும் ‘சாளை என்றால் அடுத்தது இவன்’ என்று ஒரே ஒரு பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது. ஏஓடிவி இதுதான். முழு வழி யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம். நடுவில் ஒரு பெட்டி பேட்டரி தீர்ந்து படுத்துவிட்டால் திரும்ப ஒரு தடவை கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

தோப்புக்காரருக்கு: மேல்நிலைத் தொட்டி மேல் ஒரு பெட்டியைக் கட்டுங்கள், எல்லாப் பக்கமும் பார்க்கிற மாதிரி. மோட்டார் ரூமில் கட்டாயம் ஒன்று வேண்டுமென்றால், கேட்கவும் தன் செய்தியைச் சொல்லவும் மட்டும் விடுங்கள், மற்றவர் செய்தியைத் திருப்பிச் சொல்லாதபடி அமைப்பில் மாற்றிவிடுங்கள். ஒரு செய்தியை எத்தனை தடவை கைமாற்றலாம் என்கிற எண் மெஷ்டாஸ்டிக்கில் 3 என்று வைத்து வரும், 7 வரை ஏற்றலாம். உங்கள் தூரத்துக்கு 4 போதுமுங்க.