இது 'சுற்றுலா' அல்ல

'தற்கொலைச் சுற்றுலா' என்ற தொடரை ஒரு மொழிபெயர்ப்பில் மறுபடியும் பார்த்தேன். சொந்த ஊரை விட்டு வேறிடம் போய் உயிரை மாய்த்துக்கொள்வதைச் சொல்லும் 'சூயிசைட் டூரிசம்' என்ற ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கியிருக்கிறார்கள். இனியும் பொறுக்க முடியவில்லை.

'டூர்' என்பதன் வேர் கடைசல் கருவியைக் குறிக்கும் கிரேக்கச் சொல். லத்தீன், பிரெஞ்சு வழியே வந்து 'சுற்றி வருதல்' ஆயிற்று. நம் சொல்லோ சுற்று + உலா. உலா என்றதும் பவனி வரும் தலைவனும் அவனைக் காண வாசலுக்கு ஓடிவரும் ஏழு பருவ மகளிரும் நினைவுக்கு வருகிறார்கள். ஒட்டக்கூத்தர் மூவருலாவில் பாடியது அந்தக் கோலாகலத்தைத்தான். உலாப் போனவர் அரண்மனைக்குத் திரும்பிவிடுவார். வீட்டைவிட்டு எங்கோ போய் உயிரிழந்த ஒருவரின் கடைசிப் பயணத்துக்கு இந்தப் பெயரைச் சூட்ட எப்படி மனம் வருகிறது? அவர் வீட்டார் அதைப் படிக்க மாட்டார்களா?

மூலத்தில் அப்படித்தானே இருக்கிறது என்பார்கள். மூலமே குழப்பம்; இரு வேறு விவகாரங்களுக்கு அங்கே ஒரே பெயர். நியூயார்க் நகரில் 1990 முதல் 2004 வரை தற்கொலையால் இறந்த 7,634 பேரில் 407 பேர் அந்நகரவாசிகள் அல்லர். அவர்களில் 274 பேர் இறந்தது மன்ஹாட்டனில். இதைச் சொன்ன 2007ஆம் ஆண்டு ஆய்வின் தலைப்பில் இந்தத் தொடர் இருக்கிறது. சூரிச்சின் சட்ட மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்த 2014ஆம் ஆண்டு ஆய்வின் தலைப்பிலும் இதே தொடர். அங்கே பேசப்படுவோர், 2008 முதல் 2012 வரை 31 நாடுகளிலிருந்து போய், சுவிஸ் சட்டம் தடுக்காத பிறர் உதவியுடன் இறந்த 611 பேர். முன்னது தடுக்க வேண்டிய, தடுக்கக்கூடிய இறப்பு. பின்னது நோயாளியின் உரிமை பற்றிச் சட்டமும் மருத்துவ அறமும் இன்னும் வாதாடும் விவகாரம். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுவது தவறு.

முன்னதற்கு 'வெளியூர்த் தற்கொலை' போதும். 'அயலிடத் தன்னுயிர் மாய்ப்பு' என்றார் நண்பர் ஒருவர். தூய்மையில் எனக்கும் பற்று உண்டு; ஆனால் தன் + கொலை என்பதில் தமிழ் அல்லாதது எது? 'மாய்ப்பு' பிணக்கூறாய்வு அறிக்கையில் ஏறாது. 'வெளியூர்' என்றாலோ வாழ்ந்த இடம் வேறு, இறந்த இடம் வேறு என்பது உடனே விளங்கும். ஆய்வாளர்களுக்கு வேண்டியதும் அதுதான்: இறப்பை எந்த ஊர்க் கணக்கில் சேர்ப்பது, தடுப்புப் பணியை எங்கே தொடங்குவது. பின்னதை 'உதவியுடன் இறப்பதற்கான அயல்நாட்டுப் பயணம்' என்று நீட்டியே எழுதலாம்.

'டூரிசம்' என்று கண்டாலே 'சுற்றுலா' என்று கை எழுதிவிடுகிறது. இதய அறுவைச் சிகிச்சைக்காகக் கடன் வாங்கிக்கொண்டு சென்னைக்கு வருகிறவரையும் 'மருத்துவச் சுற்றுலாப் பயணி' ஆக்கியவர்கள் அல்லவா நாம்!