நாலு கோட் அடித்தும் மூடாத சிவப்பு

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அடுப்படி அலமாரிக் கதவுகளுக்கு மிளகாய்ச் சிவப்பு அடிக்கிறோம். முடித்த கதவில் நாலு கோட் ஆகியும் பழைய பழுப்பு எட்டிப் பார்க்கிறது. மேல் தட்டுகளுக்கு அடித்த வெள்ளை இரண்டே கோட்டில் மூடிவிட்டது. பெயிண்ட் கலப்படமா?"

கலப்படமாக இருக்க வேண்டியதில்லை. நல்ல பெயிண்டிலும் இப்படி நடக்கும்.

பெயிண்ட் என்றால் பிசின், அதில் நிறமித் தூள், காய்ந்ததும் போய்விடும் கரைப்பான். அடியில் இருப்பதை மறைக்க நிறமிக்கு இரண்டு வழி உண்டு. ஒளியை விழுங்கலாம், இல்லையென்றால் சிதறடித்துத் திருப்பி அனுப்பலாம். கறுப்பு எல்லா ஒளியையும் விழுங்குவதால் சுலபமாக மூடிவிடுகிறது. வெள்ளை நம்பியிருப்பது சிதறலை.

ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும் ஒளி வளையும் என்று பள்ளியில் படித்திருப்போம். எவ்வளவு வளையும் என்பதைச் சொல்வது அந்தப் பொருளின் ஒளிவிலகல் எண். இரண்டின் எண்களும் எவ்வளவு விலகி இருக்கின்றனவோ, சிதறலும் அவ்வளவு அதிகம். எண்கள் ஒன்றாக இருந்தால் ஒளி பாட்டுக்கு நேராகப் போய்விடும்.

செட்டிநாட்டு வீடுகளில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த உடனே கவனியுங்கள். ஈரத்தில் பழைய சுவர் அப்படியே தெரியும். காயக் காயத்தான் வெளுக்கும். சுண்ணாம்புத் துகளின் எண் சுமார் 1.6, தண்ணீருடையது 1.33. துகள்களுக்கு நடுவே தண்ணீர் இருக்கும்வரை வித்தியாசம் குறைவு. தண்ணீர் வற்றி அந்த இடுக்குகளில் காற்று புகுந்ததும் (காற்றின் எண் 1) வித்தியாசம் இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. துகள் மாறவில்லை, காற்று வந்தது, சுவர் பளீரென்று வெளுத்துவிட்டது! காய்ந்த சுவரில் ஒரு கை தண்ணீர் தெளித்தால் அந்த இடம் மட்டும் மறுபடி மங்கும். ஒளியியலைக் குழந்தைகளுக்குச் சொல்லித்தர இதைவிட நல்ல சோதனைச்சாலை எனக்குத் தெரியாது.

பெயிண்டில் காற்றின் இடத்தைப் பிசின் நிரப்பிவிடுகிறது; அதன் எண் சுமார் 1.5. அதற்குள் சுண்ணாம்பு எடுபடாது. அதனால்தான் வெள்ளை பெயிண்டில் டைட்டானியம் டை ஆக்சைடு சேர்க்கிறார்கள். எண் சுமார் 2.7. துகளின் அளவும் ஏறக்குறைய 0.25 மைக்ரான், அதாவது காணும் ஒளியின் அலைநீளத்தில் பாதி. சிதறல் உச்சத்தில் இருப்பது அந்த அளவில்தான்.

மிளகாய்ச் சிவப்பு பெரும்பாலும் கரிம நிறமி, அதாவது கார்பன் சேர்மம். நீலத்தையும் பச்சையையும் நன்றாக விழுங்கும். ஆனால் சிவப்பு ஒளியைச் சிதறடிக்கும் திறன் குறைவு. அந்த ஒளி படலத்தைத் தாண்டிப் பழுப்பு வரை போய், பாதியை அங்கே இழந்து, மங்கித் திரும்புகிறது. டைட்டானியம் சேர்த்தால் மூடும், ஆனால் ரோஸாகிவிடும். அதனால் அடர்நிறங்களைக் கடையில் வெள்ளை மிகக் குறைந்த பேஸில்தான் (நிறம் சேர்ப்பதற்கு முந்தைய அடிப்படை பெயிண்டில்) கலக்கிறார்கள். காவிச் சிவப்பு மட்டும் வேறு ஜாதி. அது இரும்பு ஆக்சைடு, எண் 2.9-ஐ ஒட்டியது, சட்டென்று மூடும்.

சரி, மீதிக் கதவுகளுக்கு முதலில் சாம்பல் நிற பிரைமர் அடியுங்கள். பழைய பழுப்பு தெரியாது, சிவப்பு மெலிந்த இடங்களும் வெள்ளை பிரைமரில் போலப் பளிச்சென்று காட்டிக்கொடுக்காது. மஞ்சள் அடிப்பதென்றால் வெள்ளை பிரைமரே நல்லது.

முன்பெல்லாம் பளீர் மஞ்சளும் ஆரஞ்சும் சீக்கிரம் மூடியதற்கு ஒரு காரணம் லெட் குரோமேட். அதன் எண் 2-க்கு மேல். ஆனால் அதில் இருப்பது ஈயம், குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. இந்தியாவில் 2017 நவம்பர் முதல் வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் 90 பங்கை) தாண்டக்கூடாது. அக்னி மூலைக்குச் சிவப்பு ஆகுமா என்று வாஸ்து பார்ப்பவரிடம் கேட்கிறோம். டப்பாவில் ஈயம் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று கடைக்காரரிடம் கேட்பதில்லை. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம். எந்த மூலையில் எந்த நிறம் இருந்தாலும் யாருக்கும் கெடுதல் வராது.

உங்கள் பழைய பழுப்பு அந்தச் சட்டத்துக்கு முந்தியது என்றால், உப்புத்தாளால் வறட்டுத் தேய்ப்பு வேண்டாம். வாட்டர் பேப்பரில் ஈரமாகத் தேய்த்து, வரும் சேற்றைத் துணியால் வழித்தெடுக்கச் சொல்லுங்கள். வேலை முடியும்வரை பாத்திரங்களும் பிள்ளைகளும் அந்தப் பக்கம் வேண்டாம்.