டிக்கெற்றில் 12 மணித்தியாலம், பயணம் 37

யாழ்ப்பாணத்தில் விமான டிக்கெற் போட்டுக் கொடுப்பது என் தொழில். போன மாசியில், எழுபது வயது கடந்த ஓர் அம்மா ரொறன்ரோவில் இருக்கும் மகளிடம் போக வந்திருந்தார். டிக்கெற்றை வாங்கிப் பார்த்தார். கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவில் விடிய 4.00, ரொறன்ரோவில் பின்னேரம் 4.00, இரண்டும் ஒரே திகதி. “பன்னிரண்டு மணித்தியாலம்தானே தம்பி, இருந்து போயிடுவன்” என்றார். சீனி வருத்தக் குளிசையையும் அந்தக் கணக்கில்தான் கைப்பையில் வைக்க நினைத்திருந்தார்.

டிக்கெற்றில் இருப்பது அந்தந்த ஊர் மணி. மாசியில் ரொறன்ரோ நமக்குப் பத்தரை மணித்தியாலம் பின்னால் நிற்கும், கோடையில் ஒன்பதரை. ஆக அம்மாவின் பயணம் 22½ மணித்தியாலம். வீட்டுக் கணக்கு இன்னும் பெரிது. முதல் நாள் பின்னேரம் 3 மணிக்கு வான் வெளிக்கிட வேண்டும், கட்டுநாயக்காவுக்கு எட்டு மணித்தியாலம் ஓட்டம். ரொறன்ரோவில் இறங்கிக் குடிவரவு, பெட்டி எல்லாம் முடித்து மகள் வீட்டுப் படி ஏற 37 மணித்தியாலம் பிடிக்கும்.

“ஏன் டுபாயால சுத்திக்கொண்டு போறாங்கள்?” என்றும் கேட்பார்கள். என் மேசையில் ஓர் உலக உருண்டை இருக்கிறது. அதில் நூல் பிடித்துக் காட்டுவேன். கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு இழுத்துப் பிடித்த நூல் மேற்கே போகாது. ரஷ்யாவுக்கு மேலாக ஏறி, ஆர்க்டிக் பக்கத்தால் இறங்கும். அது சுமார் 14,000 கிலோமீற்றர். டுபாய் வழி 3,300, பிறகு 11,100. கூடுவது வெறும் 400தான். நேர விமானம் கிடையாது, எனவே நேரத்தைத் தின்பது இடையில் காத்திருப்பது. அதற்காக ஒரு மணித்தியால இடைவெளியில் டிக்கெற் எடுக்காதீர்கள். முதல் விமானம் சுணங்கினால் வயசான கால்களால் ஓடிப் பிடிக்க முடியாது. இரண்டு விமானமும் ஒரே டிக்கெற்றில் இருக்கட்டும். தனித்தனியாக எடுத்து முதலாவது பிந்தினால், இரண்டாவது விமானக் கம்பனி பொறுப்பெடுக்காது. வீல்செயாரை டிக்கெற் போடும்போதே சொல்லுங்கள், அதற்குக் காசு இல்லை.

நான் அதிகம் பயப்படுவது நள்ளிரவுத் திகதிக்கு. 15ஆம் திகதி 00.50 என்றால் 14ஆம் திகதி இரவே விமான நிலையத்தில் நிற்க வேண்டும். ஒரு குடும்பம் 15ஆம் திகதி இரவு வான் பிடித்து விமான நிலையத்தில் போய் இறங்கியது. விமானம் போய் ஒரு நாள் ஆகியிருந்தது. அன்றிலிருந்து திகதியைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, எத்தனையாம் திகதி, எத்தனை மணிக்கு வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டும் என்று பக்கத்தில் எழுதிக் கொடுக்கிறேன்.

குளிசை, இன்சுலின் இரண்டையும் கைப்பையில், குறைந்தது மூன்று நாளுக்கு வையுங்கள். சரக்கறைக்குப் போகும் பெட்டியில் இன்சுலின் உறைந்து கெட்டுப்போகலாம். எந்த மணிக்கு எதை எடுப்பது என்று புறப்படுமுன் வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள். டுபாய்க்குப் பிறகு 14 மணித்தியாலம் ஒரே இருக்கை. இடைக்கிடை எழும்பி நடக்காவிட்டால் கால் நாளத்தில் இரத்தம் உறைந்து கட்டியாகலாம்.

அந்த அம்மாவுக்கு வைத்தியர் மருந்து நேரமெல்லாம் இலங்கை மணியில் எழுதிக் கொடுத்தார், கைக்கடிகாரத்தை மாற்ற வேண்டாம் என்றும் சொன்னார். மகள் பிறகு போனில் சொன்னார்: பின்னேர வெளிச்சத்தில் விமானம் இறங்கியபோது அம்மாவின் கையில் மணி விடிய இரண்டரையாம்.