மஞ்சள் ஒட்டும், உள்ளே இறங்காது

மஞ்சள் அரைத்த விரல்களில் கறை எளிதில் போகாது. மருந்து நன்றாக ஊறிவிட்டது என்றே தோன்றும். உண்மையில் அந்த நிறத்தைத் தரும் குர்குமின், பெரும்பாலும் தோலின் மேற்பரப்பிலுள்ள இறந்த செல்களிலேயே தங்கி, அவை உதிரும்போது கூடவே உதிர்ந்துவிடுகிறது.

உடலின் பெரும்பகுதியில் அந்த இறந்த அடுக்கின் தடிமன் 10 முதல் 20 மைக்ரோமீட்டர்தான். செல்களைச் செங்கலாகவும் கொழுப்பைச் சாந்தாகவும் வைத்துக் கட்டிய சுவர் அது. மூலக்கூறின் எடையை டால்டன் என்ற அலகில் அளப்பார்கள்; 500 டால்டனுக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் அதைக் கடப்பது அரிது. குர்குமின் 368 டால்டன்தான். ஆக, உருவம் தடையல்ல, கரையாமைதான் தடை.

கரைந்த மூலக்கூறுதான் தோலுக்குள் ஊடுருவும். தூளை எவ்வளவு அப்பினாலும் மேலேயே கிடக்கும். குர்குமினோ ஒரு லிட்டர் நீரில் ஒரு மில்லிகிராம்கூடக் கரைவதில்லை. சரி, எண்ணெயில் குழைத்தால்? ஓரளவு கரையும், ஆனால் எண்ணெயை விட்டு வெளியேற அதற்கு மனம் வராது. கொழுப்புச் சாந்துக்குள் நுழைந்தாலும் இதே கதைதான். அதற்கு அடியில் இருக்கும் உயிருள்ள தோல் நீர்ச்சத்து மிக்கது. அங்கே இறங்கக் குர்குமின் தயங்குகிறது.

மருந்தைச் சுமக்க வேண்டும், உரிய இடத்தில் விட்டுவிடவும் வேண்டும். இந்த இரண்டையும் ஒருசேரச் செய்ய முயல்பவற்றில் எனக்குப் பிடித்தது எத்தோசோம். ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் எல்கா டூயிட்டூ உருவாக்கியது. பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு வகை உறையாலான நுண்குமிழிகள், கணிசமான எத்தனால் (ஆல்கஹால்) கலந்த நீரில் மிதக்கும். எத்தனால் சாந்தை இளக்குகிறது. குமிழியின் உறையையும் வளையும்படி ஆக்குகிறது. எத்தனால் இல்லாத பழைய வகைக் குமிழிகளான லிபோசோம்கள் பெரும்பாலும் மேலடுக்கோடு நின்றுவிட, இவை இன்னும் ஆழத்துக்கு மருந்தைச் சேர்க்கின்றன.

திறந்த காயத்தில் நிலைமை வேறு. அங்கே சுவரே இல்லை; எத்தனால் எரியும். நாட்பட்ட புண்ணின் கசிவு சற்றே காரத்தன்மை கொண்டது, அதில் குர்குமின் விரைவில் சிதையும். எனவே நானோ துகளுக்குள் அடைத்து, ஈரம் காக்கும் ஹைட்ரோஜெல்லில் கலந்து, மெல்லக் கசியவிடும் வழி ஆராயப்படுகிறது. காயத்துக்கு மஞ்சள் என்பதற்கு அமெரிக்கா 1995இல் கொடுத்த காப்புரிமை, இந்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்ததால் 1997இல் ரத்தானது. வழக்கில் வென்றுவிட்டோம்; கரையாமை மட்டும் யார் வாதாடியும் மசியவில்லை.

கடைகளில் 'நானோ மஞ்சள்' என்று விற்கும் களிம்புகளை நம்புவதற்கு முன் ஆய்வகச் சோதனை முடிவைக் கேட்கலாம். பன்றிக் காதின் தோலில் களிம்பைப் பூசி, சில மணி நேரம் கழித்து ஒட்டும் டேப்பால் மேலடுக்கைப் படிப்படியாக உரித்தெடுப்பார்கள். டேப்பில் எவ்வளவு வந்தது, அடித்தோலில் எவ்வளவு மிஞ்சியது என்று தனித்தனியே அளப்பார்கள்.